கூண்டுக்குள் முப்பத்திரண்டு

பூட்ஸ்களிலிருந்து உருகிய பனி பள்ளிக்கூட விளையாட்டரங்கின் தரையெங்கும் மின்னுகிறது. பிரெஞ்சு வழி வகுப்பில் இன்னும் ஓர் இடம்தான் மிச்சம். அதற்கான குலுக்கலில் தலைமையாசிரியை கம்பிக்கூண்டைச் சுற்ற, எண் எழுதிய பந்துகள் கடகடக்கின்றன. கொலீன், வேட் தம்பதியின் இரட்டைப் பெண்களில் டெஸ்ஸாவின் எண் வந்துவிட்டது; நோராவின் முப்பத்திரண்டு இன்னும் கூண்டுக்குள். "ஃபார்ம்ல இரட்டைக் குழந்தைன்னு டிக் பண்ணியிருந்தா ரெண்டு பேருக்கும் ஒரே நம்பர் குடுத்திருப்பாங்க, வேட்," என்று கொலீன் பல்லைக் கடிக்கிறாள். "அப்படி ஒரு கட்டத்த நான் பாக்கவே இல்ல." "ஹாக்கி மேட்ச்னா மட்டும் கண்ணு நல்லாத் தெரியும்." வேட் தொப்பியைப் பிசைகிறான். நோரா அம்மாவின் கையுறையை இழுக்கிறாள். "டெஸ்ஸா பிரெஞ்சுல கத சொன்னா எனக்குப் புரியுமாம்மா?" பந்து உருண்டு விழுகிறது. "நாற்பத்தொன்று." பின்வரிசையில் யாரோ சிரித்தபடி அழுகிறார்கள். டெஸ்ஸா தன் பச்சை நிறச் சேர்க்கைச் சீட்டை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைக்கிறாள்.