ஆளில்லாக் கல்லறை

ஃபெஸ்டஸ் லாவெல், லோஹன் வீட்டுக் கல்லறையருகே போய் நல்ல பிள்ளைபோல் நின்றுகொண்டான்.

அன்று கல்லறை ஞாயிறு. மேற்கு அயர்லாந்தின் அந்தச் சிற்றூரில் ஒவ்வொரு குடும்பமும் தன் முன்னோரின் கல்லறையருகே நிற்க, பாதிரியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வருவார். இடம் மாறி நிற்க இதுவரை யாருக்கும் தோன்றியதில்லை.

"எங்க குழிமேல உனக்கென்னப்பா ஆசை?" என்றாள் லோஹன் வீட்டுப் பெரியம்மா, உதடு அசையாமல்.

"இன்னிக்கு ஒருநாள் பொறுத்துக்குங்க பெரியம்மா. அந்த பாஸ்டன்காரி ஊருக்குப் போயிடட்டும்."

பெரியம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அமெரிக்கா போன தாத்தா யார் வீட்டில்தான் இல்லை?

பாஸ்டன்காரியின் பெயர் மார்லீன். நேற்று மதுக்கடையில், தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவின் நகலைக் காட்டி லாவெல் குடும்பத்தை விசாரித்தாள். கடையில் இருந்த அத்தனை பேரும் குவளைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். அந்தக் குடும்பத்தில் எல்லோரும் அப்போதே கப்பல் ஏறிவிட்டார்கள் என்று வாய் கூசாமல் சொன்னவன் ஃபெஸ்டஸ்தான். தன் பெயர் ஜோ என்றும் சொல்லிவைத்தான்.

வேறென்ன செய்வான்? அண்ணன் தம்பி இருவரில் அவளுடைய தாத்தா மூத்தவர், இவனுடைய தாத்தா இளையவர். ஆற்றங்கரை நிலம் இன்றைக்கும் மூத்தவர் பெயரில்தான் இருக்கிறது. அது கைவிட்டுப் போனால் இவன் மாடுகளுக்குப் புல் ஏது?

அதனால்தான் விடிந்ததும் விடியாததுமாக வந்து, தன் குடும்பக் கல்லில் இருந்த பெயரைப் பெரிய மலர்வளையம் ஒன்றால் மறைத்துவிட்டுப் போயிருந்தான். தன் சாமர்த்தியத்தை நினைத்துக் கொஞ்சம் சிரித்துக்கூடக் கொண்டான்.

மார்லீன் பாதிரியாரோடு சேர்ந்து வந்தாள். காலை முழுக்க அவர் வீட்டில் பழையதும் புதியதுமாக ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தாளாம்.

மணி அடித்தது. கூட்டம் பிரிந்து அவரவர் இடத்துக்குப் போனது. எல்லாக் கல்லறையருகிலும் ஆட்கள். ஒன்றே ஒன்றில் மட்டும் மலர்வளையம் இருந்தது, ஆள் இல்லை.

ஃபெஸ்டஸ் இதை யோசிக்கவே இல்லை.

மார்லீன் நேராக அங்கே போய் நின்றாள். மலர்வளையத்தை அவள் தொடக்கூட இல்லை. கூட்டத்தின்மேல் ஒருமுறை கண்ணை ஓட்டிவிட்டு, ஊரே திரும்பிப் பார்க்கும்படி கையை உயர்த்தினாள்.

"ஃபெஸ்டஸ் தம்பி, அடுத்தவங்க குழிகிட்ட உனக்கு என்ன வேலை? நம்ம இடம் இங்க இருக்கு. வா."