மூச்சு விடாமல் வந்த வழி

ரெபேக்காள் என்ற சின்னப் பெண்ணின் மார்புக்குள் இதயமும் மூச்சும் பக்கத்து வீட்டுத் தோழிகள். மூச்சு உள்ளே வந்தால் இதயம் கொஞ்சம் துள்ளி ஓடும். வெளியே போனால் கொஞ்சம் நிதானிக்கும். அதுதான் அவர்களுடைய விளையாட்டு.

ஒருநாள் பிள்ளைக்குக் கிருமி ரத்தத்தில் பரவிக் கடுங்காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அன்றிலிருந்து இதயம் ஒரே வேகத்தில் ஓடியது. மூச்சு வந்தாலும் போனாலும் திரும்பியே பார்க்கவில்லை.

"என்னடி, என்மேல கோபமா?" என்று மூச்சு கேட்டது. இதயம் அதே வேகத்தில் ஓடிக்கொண்டே இருந்தது.

மூச்சுக்கு முகம் சுண்டிப்போனது. பேசாதவள் வீட்டுக்கு எதற்குப் போகவேண்டும் என்றுகூட நினைத்தது. ஆனால் பிள்ளையின் முகத்தை எண்ணி, இளைக்க இளைக்க வந்து போய்க்கொண்டே இருந்தது.

மருந்து பிடித்துக் காய்ச்சல் தணிந்த காலையில் மூச்சு வெளியே போனது. பின்னால் இதயம் மெல்ல நிதானித்தது.

"ஏன்டி, இத்தனை நாளா நான் கூப்பிட்டது கேட்டுச்சா?" என்று மூச்சு கேட்டது.

"நீ சொன்னது ஒண்ணும் கேக்கலைடி, உடம்பே தீயா எரிஞ்சுது. ஆனா நீ விடாம வந்துட்டுப் போனது தெரிஞ்சுது. ஆண்டவர் கிருபை, அந்தத் தெம்புலதான் ஓடினேன்."

மூச்சு நிறைவாக ஒருமுறை உள்ளே வந்தது. இதயம் துள்ளியது.