உள்ளங்கையில் ஒரு கோள்

"சைக்கிள்லயா வந்தே? கோட்டு சொட்டுற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது" என்றாள் ஹில்கே.

"ஆமா" என்றான் யெல்மர். கோட்டின் உட்பையில் இருந்த படம் மட்டும் நனையவில்லை.

நெதர்லாந்தின் லைடன் வானாய்வகத்தில் இருவரும் ஒரே அறையில் இருபத்தாறு வருடம் வானத்தைப் பார்த்தவர்கள்.

"காபி ஊத்திக்க. டப்பாவில பிஸ்கட் இருக்கு. ஒண்ணு எடுத்ததும் மூடிடுறதுதான் நம்ம ஊர் வழக்கம், இன்னிக்கு நீ ரெண்டாவது எடுத்தாலும் மூடியைப் போட மாட்டேன்."

இரண்டு மணிக்கு டாக்டர் வருகிறார், உயிரை முடித்துக்கொள்ள அங்கே சட்டம் அனுமதிக்கும் கடைசி ஊசியோடு. தேதியை ஹில்கேயேதான் குறித்துக் கொடுத்திருந்தாள். மூளைக் கட்டி பார்வையை எடுத்துக்கொண்டு மூன்று மாதமாகிறது, அடுத்து பேச்சு.

போன வாரமே முடிந்திருக்க வேண்டியது. இந்தப் படத்துக்காகத்தான் தள்ளிப்போட்டாள்.

பதினோரு வருடத்துக்கு முன், ஓர் இளம் விண்மீனைச் சுற்றியிருந்த தூசுத் தட்டில் கருத்த இடைவெளி ஒன்று. அதற்குள் கடுகளவு புள்ளி. பிறந்துகொண்டிருக்கும் கோள் என்றாள் ஹில்கே. வெறும் தூசுத் திரள் என்றார்கள் மற்றவர்கள்.

தொலைநோக்கியிலிருந்து இன்று காலை வந்த படத்தில் புள்ளி இல்லை. கலைந்துபோயிருந்தது. கோள் என்றால் கலையாது.

"சொல்லித் தொலையேன்டா. இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

அவள் முகம் மலர்ந்தது.

"நகர்ந்திருக்கணுமே. காட்டு."

உள்ளங்கையை நீட்டினாள். பார்வை போனதிலிருந்து படங்களை அவன் அதில்தான் வரைந்து காட்டுகிறான்.

நடுவில் ஒரு தொடல், விண்மீன். சுற்றி ஒரு வட்டம். வட்டத்தின் மேல் விரலை வைத்து மெல்ல இழுத்தான், கடிகார முள் போகிற திசையில்.

அவள் கை அசையவில்லை.

அந்தத் தட்டு எதிர்த்திசையில் சுழல்கிறது என்று அளந்து சொன்னவளே அவள்தான். தட்டு சுழலும் பக்கம்தான் கோளும் போகும். அது அவன் நினைவுக்கு வந்தபோது விரல் நின்றிருந்தது.

அவன் வாயைத் திறந்தான்.

ஹில்கே அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள். தொடங்கிய இடத்துக்குக் கொண்டுபோய், மறுபக்கமாக ஒரு சுற்று முழுவதும் வரைய வைத்தாள்.

"இப்படித்தானே?"

"ஆமா."

"கட்டுரையில மட்டும் உள்ளதை எழுதிடு" என்றாள், விரலை விடாமல்.