ரோட்டில் பரப்பிய கொள்ளு

நாகலாபுரம் ரோட்டின் வளைவில் மாலை வெயில் சாய்ந்து விழுகிறது. லாரியும் பஸ்ஸும் ஏறி மணி உதிரட்டும் என்று பாதி ரோட்டுக்குப் பரப்பிய கொள்ளுச்செடி இன்னும் அப்படியே கிடக்கிறது. முனிலட்சுமி துடைப்பத்தால் அதை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறாள். முந்தாநாள் அவள் மகன் ஹரிபாபு பைக்கோடு சறுக்கி விழுந்து செத்த இடம் இதுதான். காய்ந்த நெற்றுகளுக்கு நடுவே ஹெட்லைட்டின் சில்லுகள் மின்னுகின்றன. பைக்கில் ஒருவன் வருகிறான். கம்பெனிச் சட்டை, ஹரிபாபு போட்டிருந்த அதே நீலம். அவள் துடைப்பத்தை உயர்த்துகிறாள். பின்சக்கரம் செடியில் வழுக்கி, வண்டி ஆடி நிற்கிறது.

“மெல்லப் போ நைனா.”

“அம்பதுலதாம்மா வந்துக்கினு இருந்தேன். போர்டுல அறுபது போட்டுக்கீதே.”

அவள் ரோட்டோரத்து வேக போர்டை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி செடியைத் தள்ளுகிறாள். “எம் புள்ளயும் அதுக்கு மேல போவ மாட்டான். இங்கதான் வுழுந்து பூட்டான்.”

அவன் முகம் மாறுகிறது. காலடியில் நொறுங்கும் செடியைப் பார்க்கிறான். கோபமாகக் கேட்கிறான். “ரோட்டுல இத்தக் கொண்டாந்து கொட்னது யாரும்மா?”

துடைப்பம் நின்றுவிடுகிறது.

“நான்தான் நைனா.”