விழுந்த சீட்டு

"நாளைக்கு என் மனைவி உங்ககிட்ட சீட்டு பார்க்க வருவா, மேடம். உடனே ஊருக்குக் கிளம்பணும்னு சீட்டுல வந்திருக்குன்னு சொல்லிடுங்க."

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சொன்னவரை ஜோசலின் ஏற இறங்கப் பார்த்தாள். ஐம்பது வயது இருக்கும். பெயர் அச்சுதன், வீடு ராஜகீழ்ப்பாக்கம் என்று சொல்லியிருந்தார்.

"எத்தனை நாளைக்கு அனுப்பணும்?"

"ரெண்டு மூணு மாசம்கூட ஆகலாம். அவ கிளம்பிட்டா போதும். இங்க மத்ததெல்லாம் நான் பார்த்துப்பேன்."

மனைவியை மூன்று மாதம் ஊருக்கு அனுப்பிவிட்டு இங்கே எதைப் பார்த்துக்கொள்ளப் போகிறார்? ஜோசலினுக்கு எரிச்சல் தலைக்கேறியது. இப்படிப்பட்ட கணவர்களை நினைத்து எத்தனை பெண்கள் அவள் மேஜைக்கு எதிரே அழுதிருக்கிறார்கள்!

"சார், சீட்டை அடுக்கி வெச்சு ஏமாத்தறவ நான் இல்ல."

"விஷயம் என்னன்னா மேடம்..."

"எந்த விஷயமும் எனக்கு வேண்டாம். கிளம்புங்க."

கதவைச் சாத்திவிட்டாள்.

சேலையூரில் டாரட் சீட்டு ஜோசியம் என்றால் ஜோசலின்தான். தினமும் காலையில் ஒரு சீட்டை எடுத்து அதற்குப் பலன் சொல்லி வீடியோ போடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கேம்ப் ரோடு காபிக் கடை மாடியில் அவளுடைய குழு கூடும். ஆளுக்கொரு சீட்டுக்கட்டோடு வந்து ஒருத்தருக்கொருத்தர் பார்த்துப் பழகுவார்கள். அங்கே ஒரே ஒரு சட்டம்தான். விழுந்த சீட்டை அப்படியே சொல்ல வேண்டும். போன மாதம் ஒருவர், பாவம் பார்த்து ஒரு பெண்ணுக்குப் பலனை மாற்றிச் சொல்லிவிட்டார். "இனிமே வராதீங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பியவள் ஜோசலின்.

மறுநாள் அச்சுதனின் மனைவி வந்தாள். தீபலட்சுமி. கண்ணுக்குக் கீழே கருவளையம், அவசரமாய் முடிந்த கொண்டை.

"உங்க வீடியோ ஒண்ணு விடாமப் பார்ப்பேம்மா. பாதி புரியாது. ஆனா நீங்க பேசறதைக் கேட்டா மனசு லேசாயிடும்."

"உட்காருங்கக்கா. என்ன கேட்கணும்?"

"தென்காசிக்குப் போகலாமா, வேண்டாமான்னு."

"போகச் சொல்றது யாரு?"

"எங்க வீட்டுக்காரர்தான். பத்து நாளா இதே பேச்சு."

ஜோசலின் சீட்டுக்கட்டை அவள் கையில் கொடுத்தாள். இந்த அப்பாவியிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டாள்.

"நல்லா கலைச்சு, மேல இருந்து ஒண்ணு எடுத்து வைங்கக்கா."

தீபலட்சுமி கண்ணை மூடி, கலைத்து, ஒன்றை எடுத்து வைத்தாள்.

தொங்கும் மனிதன். ஒற்றைக் கால் மரத்தில் கட்டப்பட்டு, தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தான். அவசரப்படாதே, நகராதே, இருக்கிற இடத்திலேயே காத்திரு என்பதுதான் அதற்குப் பொருள்.

சீட்டே வேலையை முடித்துவிட்டது என்று ஜோசலினுக்கு நிம்மதி.

"அக்கா, பலன் சொல்றதுக்கு முன்னாடி உங்க வீட்டுக்காரரைப் பத்தி ஒண்ணு சொல்லணும். மனசைத் திடப்படுத்திக்கோங்க. அவரு..."

"பாவம்மா அவரு" என்றாள் தீபலட்சுமி, குறுக்கே புகுந்து. "எங்க மாமியார் படுத்த படுக்கையா இருக்காங்க. ரெண்டு வருஷமா எல்லாம் நான்தான். இப்ப தென்காசியில எங்கம்மாவுக்கு முடியல. டாக்டர் நாளைக் கடத்தாதீங்கன்னுட்டார். வாயைத் திறந்தா 'தீபா எங்கே'ங்கறாங்களாம். அதுலேருந்து இவர், நீ போய் உங்கம்மா பக்கத்துல இருன்னு கெஞ்சறாரு."

ஜோசலின் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"சம்பளம் இல்லாத லீவு எழுதிக் கொடுத்துட்டு வந்து நிக்கறாரும்மா. மாமியாருக்கு உடம்பு துடைக்க, துணி மாத்த, சாப்பாடு ஊட்ட எல்லாம் பழகிட்டாரு. முதல் நாள் வாந்தி எடுத்தாரு. மறுநாளும் அவரேதான் செஞ்சாரு."

"அப்புறம் ஏன்க்கா போகல?"

"எப்படிம்மா போவேன்? மாமியாரை விட்டுட்டு அம்மா வீட்டுக்கு ஓடிட்டான்னு நாலு பேர் பேச மாட்டாங்களா? ஆம்பளை தனியா கஷ்டப்படுவாரேன்னும் இருக்கு. அவர் சொல்லி நான் கேட்கல. டாரட்ல வந்தா போறேன், இல்லேன்னா இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாதுன்னு அவர்கிட்ட சொல்லிட்டுத்தான் இங்க வந்தேன்."

தீபலட்சுமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவரைப் பத்தி ஏதோ சொல்ல வந்தீங்களேம்மா?"

"அது... நல்ல மனுஷன்னு சொல்ல வந்தேங்க்கா."

"அதான் எனக்கே தெரியுமே!" என்று லேசாகச் சிரித்த தீபலட்சுமி, மேஜையில் கிடந்த சீட்டைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போனாள். "என்னம்மா இது, தலைகீழா தொங்கறான்? போக வேண்டாங்குதா?"

ஜோசலின் சீட்டைப் பார்த்தாள். எதிரே இருந்த முகத்தைப் பார்த்தாள்.

"கால்கட்டை அவுத்துக்கிட்டு, இன்னைக்கே தாம்பரத்துல ரயிலேறச் சொல்லுதுக்கா."