ஆளுக்கொரு வரி

பாழடைந்த மண்டபத்தில் வௌவாலும் தவளையும் பல்லியும் சேர்ந்து, ஆளுக்கொரு வரியாக ஒரு பேய்க்கதை கட்டின.

“அதற்குக் கண் கிடையாது. ஆனால், சின்ன முணுமுணுப்புகூடக் கேட்கும்,” என்றது வௌவால்.

“தீராத பசி வேறு,” என்றது தவளை.

பல்லி பயந்து உத்தரத்தில் ஏறிக்கொண்டது. “என் முறைதானே? அது செத்துப்போச்சுன்னு முடிச்சிடவா?”

“அட, அதற்குள்ளயா? இன்னும் கொஞ்சம் வளரட்டும்!” என்று இரண்டும் சிரித்தன. பல்லியும் விட்டுவிட்டது.

அப்போது வாசலில் ஏதோ ஈரமாக உரசியது.

“நான் காதுதான் வைத்தேன்!” என்று அலறிய வௌவாலின் குரல் பாதியில் அறுந்தது.

“நான் பசி மட்டும்தான்...” தவளையும் அடங்கியது.

உத்தரத்தில் ஒட்டியிருந்த பல்லிக்குப் புரிந்தது. அந்த ஒரு வரியைச் சொன்னால் கதை முடிந்துவிடும். ஆனால் வாயைத் திறந்தால் அதற்குக் கேட்டுவிடும்.

வெளியே, ஊர்ப் பக்கமாக அது நகர்ந்து போனது. பல்லி மூச்சுக்கூட விடவில்லை.