ஒரு கெட்டில் உப்பு டீ

“மைனஸ் முப்பத்தெட்டு! கார் பேட்டரியைக் கழட்டி மேல கொண்டாந்து சார்ஜ் போடுங்கன்னு எத்தனை தடவை சொல்றது?” மங்கோலியாவின் உலான்பாத்தரில் அந்த அடுக்குமாடியே அதிரக் கணவனிடம் கத்தினாள் ஒயூனா.

“இந்த இழவைத் தூக்கிட்டு தினமும் அஞ்சு மாடி! இடுப்பு ஒடியுது!” பூரெவ் எரிச்சலோடு ஸ்பானரை எடுத்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள்.

முகத்தை மூடிய ஒருவன். “அண்ணே, பேட்டரியைக் கழட்டணும், நட்டு உறைஞ்சு போச்சு. ஸ்பானரும் வெந்நீரும் கிடைக்குமா?”

தன்னைப் போல இன்னொரு பாவப்பட்ட ஜீவன். “வெந்நீர் இல்ல தம்பி, உப்பு டீதான் இருக்கு. அதையே ஊத்து” என்று கெட்டிலையும் ஸ்பானரையும் கொடுத்தான் பூரெவ்.

பத்தே நிமிடத்தில் இரண்டையும் திருப்பிக் கொடுத்தவன், “உங்க புண்ணியம்ணே” என்று காலில் விழாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனான்.

“பாத்தீங்களா, அவனுக்கு இருக்கற பொறுப்பை!” என்றாள் ஒயூனா.

முணுமுணுத்தபடி இறங்கிப் போன பூரெவ், தன் கார் பானெட்டைத் தூக்கினான்.

பேட்டரி இருந்த இடத்தில் உப்பு டீ உறைந்து கிடந்தது.